தாங்குதா, தாங்குடா

பல்கலைக்கழகம் மாணவர்களை அடிப்பதில்லை. இதைப் பல்கலைக்கழகமே முன்வாசலிலும் பின்வாசலிலும் நூலகத்துக்குப் போகிற வழியிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தது. அடிக்காதவன் எதற்கு அதை ஊரெல்லாம் எழுதி வைக்கிறான் என்று கேட்ட ஒரு மாணவனைப் பற்றி அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அது உதைத்தது கதவுகளை மட்டும்தான்.

ஒரு காலத்தில் வளாகத்துக்குள் விடுதி இருந்தது. பிறகு அதை மாணவர் தங்குமிட ஆய்வு மையமாக மாற்றினார்கள். அதில் தங்கியிருந்த மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வெளியே போன மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று அதே கட்டடத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். மாணவர்கள் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும் அடுக்குமாடிகளில் தங்கினார்கள். அங்கே ஒரு நாள் ஒரு திருடன் கதவை உடைத்து உள்ளே போய் ஒரு மாணவனைக் கத்தியால் குத்திவிட்டான். விசாரணைக் குழு உட்கார்ந்தது. திருடன் மேல் தவறில்லை, அவன் தொழில் அது. விளக்கு எரியாத தெரு மேல் தவறில்லை, அது நகராட்சியுடையது. கதவு தாங்கவில்லை, அதுதான் தவறு என்று குழு கண்டுபிடித்தது. மறுவாரமே வளாகப்புற மாணவர் தாங்குதிறன் துறை பிறந்தது. அதற்கு ஓர் இயக்குநர், ஒரு கதவுப் பரிசோதகர், கம்பு வைத்த நாலைந்து காவலர்கள்.

பரிசோதனை எளிமையானது. சொல்லாமல் வந்து கதவை உதைப்பார்கள். "திருடன் சொல்லிட்டா வர்றான்?" என்பார் இயக்குநர். கதவு உடைந்தால் அது பாதுகாப்பற்ற இடம். மாணவன் தன் பாதுகாப்புக்காக அன்றைக்கே காலி செய்ய வேண்டும். சாமான்களை மாடியிலிருந்து எறிந்து அந்த வேலையில் காவலர்களும் உதவுவார்கள். துறை ஒப்புக்கொண்ட முகவரி இல்லாதவன் மாணவனும் இல்லை என்பதால் படிப்பும் அன்றைக்கே முடிந்துபோகும். கதவு உடையாமல், அசையாமல் நின்றாலோ இன்னும் மோசம். இவ்வளவு பலமான கதவுக்குப் பின்னால் அப்படி என்ன இருக்கிறது என்று உள்ளே போய்க் கேட்பார்கள். கேட்பது காவலர்கள். கேள்வி கம்பு வழியாக வரும். ஆக, நல்ல கதவு என்றால் நடுங்க வேண்டும், விழக்கூடாது. நல்ல மாணவனும் அப்படித்தான் என்று இயக்குநர் சொல்வதுண்டு.

இதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கதவைத் தொடும் அதிகாரம் பரிசோதகருக்கு மட்டும். ஆளைத் தொடும் அதிகாரம் காவலர்களுக்கு மட்டும். ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைத்ததே இல்லை. பல்கலைக்கழகத்தில் வேறு எந்தத் துறையிலும் காணக் கிடைக்காத ஒழுங்கு.

தெருவில் இருந்த தச்சர்கள் இதில் பிழைத்துக்கொண்டார்கள். 'பல்கலைக்கழகத் தரத்தில் நடுங்கும் கதவுகள் இங்கே செய்து தரப்படும்' என்று பலகை தொங்கியது.

அந்தத் தெருவில்தான் மூட்டை வந்து சேர்ந்தான்.

மூட்டை என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவன் அப்பா சரக்குக் கிடங்கில் சுமைதூக்கி. மீசை அரும்பிய நாளிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை அவனும் அங்கே தூக்கினவன். தோள் இரண்டும் அம்மிக்கல் மாதிரி இருக்கும். தத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா கேட்டார்.

"தத்துவம்னா என்னடா, எந்த ஊர்ச் சரக்கு?"

"யோசிக்கிற படிப்புப்பா."

"யோசிச்சா சம்பளம் குடுப்பானா?"

"வாத்தியாரானா குடுப்பாங்க."

"அப்ப உக்காந்து யோசி. நின்னுக்கிட்டு யோசிச்சா முதுகு போயிரும்."

முதுகைப் பற்றி அவருக்குத் தெரியும். கிடங்கில் இரண்டே இரண்டு சொல்தான் வேதம். லாரி மேலே நிற்பவன் "தாங்குடா" என்றால் கீழே இருப்பவன் தோளைக் கொடுப்பான். "விடு" என்று அதே வாய் சொல்கிறவரை இம்மி நகர மாட்டான். நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவன் தலை தேங்காய்தான். ஒரு நாள் இரும்பு உத்தரம் இறக்கும்போது "தாங்குடா" என்று சொன்னவனை, தலையில் தொப்பி போடவில்லை என்று மேஸ்திரி கூப்பிட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். அவன் திட்டு வாங்கி முடித்துத் திரும்பி வருகிறவரை அப்பா தாங்கினார். முதுகு மடக்குக்கத்தி மாதிரி மடங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டு, "யாரும் விடுன்னு சொல்லலையேடா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அவருடைய சுமைக்கொக்கி வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. "இனி அது உனக்கு வரக்கூடாது" என்றுதான் மகனை அனுப்பினார். படிப்பு நின்றால் மறுநாள் கொக்கி கையில். மூட்டைக்கு அதுதான் பயம். கம்புக்குக்கூட அவன் அவ்வளவு பயப்படவில்லை.

அவனோடு வீட்டைப் பங்கிட்டுக்கொண்டவன் கண்ணாடி. ஊதினால் பறந்துவிடுவான். மூக்கின் மேல் அவன் எடைக்குப் பாதி எடையில் ஒரு கண்ணாடி. கணிதம் படித்தான். கொக்கி, அப்பா, இரண்டு சொல் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மூட்டைக்குத் தூக்கம் வராதபோதெல்லாம் அவனுக்கும் தூக்கம் வர விட்டதில்லை.

முதல் பருவத்திலேயே எதிர்வீட்டில் ஒரு பரிசோதனையை இருவரும் பார்த்தார்கள். அங்கே இருந்த வரலாற்று மாணவன் வம்பே வேண்டாம் என்று ஊரிலிருந்து இரும்புக் கதவு கொண்டுவந்து மாட்டியிருந்தான். பரிசோதகர் வந்தார். உத்தரத்தில் தலை இடிக்கிற உயரம், யானைக்கால் மாதிரி பூட்ஸ். பதவிப் பெயர் பரிசோதகர் என்றாலும் தெருவுக்கு அவர் உதைமாமா. ஓங்கி உதைத்தார். இயக்குநர் கதவின் ஓரத்து இடுக்கில் நான்கு விரல்களை விட்டு, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நடுக்கத்தை உணர்வது வழக்கம். விரல் விட இடுக்கே இல்லை.

"தாங்குதா?" என்று கேட்டார். பேசும்போது சொல்லில் பாதியை வாய்க்குள்ளேயே மென்றுவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார்.

"தாங்குதுங்க ஐயா," என்றார் உதைமாமா. "ஆடவே இல்ல."

இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். காவலர்கள் கதவைத் தொடாமல் வெளியே நின்று கூப்பிட்டார்கள். வரலாற்று மாணவன் தானே திறந்தான்.

"உள்ள என்ன தம்பி இருக்கு?"

"புத்தகம் சார்."

"புத்தகத்துக்கு இரும்புக் கதவா?"

முதல் கம்பு தோளில் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. விழுந்தவனை நிமிர்த்தி மறுபடி கேட்டார்கள். அவன் மறுபடியும் புத்தகம் என்றான். மறுபடியும் விழுந்தான். உள்ளே போய்ப் பார்த்தார்கள். புத்தகம்தான் இருந்தது.

இயக்குநர் படிக்கட்டில் நின்று கூடியிருந்த மாணவர்களிடம் பேசினார். "பாத்தீங்களா. கதவு தாங்கிருச்சு, தம்பி தாங்கல. ஆளைப் பலப்படுத்தாம கதவை மட்டும் பலப்படுத்தி என்ன பிரயோஜனம்? நாளைக்கு நீங்க உலகத்துக்குப் போவீங்க. உலகம் இதைவிட மோசமா அடிக்கும். அன்னைக்கு நெனச்சுக்குவீங்க, நம்ம துறை எவ்வளவு பரிவா அடிச்சுதுன்னு." பிறகு எதிரே பின்வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "அடிக்கலை. பழக்கினோம்."

இரண்டாம் பருவத்தில் இவர்கள் கதவுக்கு முறை வந்தது. காலை நேரம். கண்ணாடி வகுப்புக்குக் கிளம்பி, கதவுக்குப் பின்னால் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். உதைமாமா உதைத்தார். மேல்தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு பறந்தது. கீழ்த்தாழ்ப்பாள் நின்றது. மேல்பாதி மட்டும் வளைந்து வந்த கதவின் விளிம்பு கண்ணாடியின் முகத்தில் விழுந்தது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்பல் இரண்டு செருப்புக்குள் கிடந்தன. ரத்தம் வழிய அவன் முதலில் தேடியது மூக்குக்கண்ணாடியைத்தான்.

இயக்குநர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். "கதவுக்குப் பின்னாடி முகத்தை வைக்கக்கூடாதுன்னு தெரியாதா தம்பி? இப்ப கதவு தாங்குச்சா, உன் மூஞ்சி தாங்குச்சான்னு நான் எப்படி முடிவு பண்றது? மறுபரிசோதனைதான். அதுவரைக்கும் கதவுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

மூட்டை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வாசலில் இருந்த சிப்பந்தி கேட்டான்.

"அடி எங்க பட்டுச்சு?"

"பாத்தா தெரியலையா? மூக்குல."

"அதைக் கேக்கல. வளாகத்துக்கு உள்ளயா, வெளியவா?"

"வெளிய."

"அப்ப வெளி ஆஸ்பத்திரிக்குப் போ."

"அடிச்சது உள்ள ஆளுங்க."

சிப்பந்தி யோசித்தான். "அடி உள்ள, மூக்கு வெளிய. இதுக்குப் பெரிய டாக்டர்தான் வரணும். உக்காரு."

பெரிய டாக்டர் வரவில்லை. மூக்கு தானாகவே ஆறியது, சாய்ந்த வாக்கில்.

இறுதித் தேர்வு நெருங்கும்போது மறுபரிசோதனை வந்தது. மூட்டை கதவோரச் சுவரில் சாய்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி பட்டறிந்தவன், அறையின் கடைசி மூலையில் இருந்தான். முதல் உதை. கீழ்த்தாழ்ப்பாள் பாதி பிடுங்கிக்கொண்டது. வெளியே இயக்குநர் வழக்கப்படி, பாதி மென்ற குரலில் கேட்டார்.

"தாங்குதா?"

கதவு வழியாக மரத்தில் மோதி உள்ளே வந்து சேர்ந்தபோது அது "தாங்குடா" என்று இருந்தது.

மூட்டை யோசிக்கவில்லை. தத்துவம் படித்த மூளைக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் கிடங்கில் வளர்ந்த தோள் கதவுக்குப் போய்விட்டது. இரண்டு குதிகாலும் தரையைக் கவ்வின. இரண்டாவது உதை, மூட்டையின் முழு எடையும் சேர்ந்த கதவில் வந்து விழுந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். கதவு நின்றது. உதைமாமாவின் கணைக்கால் எலும்பு, காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து எல்லாரையும் பார்த்தது. அவ்வளவு பெரிய ஆள் அம்மா என்று கத்தியதைத் தெரு அன்றைக்குத்தான் கேட்டது.

மூட்டை தோளை எடுக்கவில்லை. யாரும் விடு என்று சொல்லவில்லையே. "கதவை விட்றா, கதறுறாங்க," என்று கண்ணாடிதான் அவனைப் பிடித்து இழுத்தான். தோள் விலகியதும் மிச்சமிருந்த கீழ்த்தாழ்ப்பாளும் தானாகக் கழன்று கதவு திறந்துகொண்டது. காவலர்கள் நுழைந்தார்கள். அவர்கள் நிதானமாக, முறை வைத்து அடித்தார்கள். ஒருவன் களைத்தால் அடுத்தவன். மூட்டைக்கு இடதுகை ஒடிந்தது, காதில் ஏதோ கிழிந்தது. நினைவு தப்புவதற்கு முன், இதெல்லாம் கதவுப் பரிசோதனையில் சேருமா சேராதா என்று ஒரு சந்தேகம் வந்தது.

விசாரணை ஆய்வு மையத்தின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நடுவில் இயக்குநர். வலப்புறம் மூட்டைக்கு ஒழுக்கவியல் எடுக்கும் பேராசிரியர். மூட்டை கையைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றான். உதைமாமாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

குற்றம் ஆள்மாறாட்டம்.

"தேர்வு யாருக்கு? கதவுக்கு," என்றார் இயக்குநர். "எழுதினது யாரு? இவன். ஒருத்தன் தேர்வை இன்னொருத்தன் எழுதினா அதுக்குப் பேரு என்ன? இவன் கதவு மாதிரி நடிச்சிருக்கான்."

"நீ கதவா?" என்று பேராசிரியர் மூட்டையைக் கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"கதவுன்னு நினைச்சியா?"

"இல்லைங்க. ஐயா தாங்குடான்னு சொன்னாரு. தாங்கினேன்."

மூட்டை கிடங்கையும் இரண்டு சொற்களையும் சொன்னான். இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"என் உத்தரவுன்னு நினைச்சுத்தான் செஞ்சியா?"

"ஆமாங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "இங்க நோக்கத்தைப் பாக்கணும். பையனோட நோக்கம் கீழ்ப்படிதல். அது அறம். விளைவு, கால் முறிஞ்சது. அறத்தால ஒரு கால் முறிஞ்சா, தப்பு காலோடதுதான். நான் வகுப்புல இதைத்தான் சொல்றேன், யாரும் கவனிக்கிறதில்ல."

"மீசை முளைச்ச நாள்லேருந்து உதைக்கிறேங்க," என்றார் உதைமாமா. "ஒரு கதவும் என்னைத் திருப்பி உதைச்சதில்ல."

"அதான் சொல்றோம். கதவு தாங்கிருச்சு. பையன் தாங்கிட்டான். நீங்கதான் தாங்கல," என்றார் இயக்குநர் கனிவாக. "தாங்குதிறன் துறையில தாங்காத ஆளை வச்சுக்கிட்டா ஊர் சிரிக்காதா? வளாகத்துக்குள்ள இருக்கிற உங்க வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"நான் எங்கய்யா போறது?"

"எதிர்த்தெருவுல அடுக்குமாடி நிறைய இருக்கு. நல்ல கதவாப் பாத்து எடுங்க."

காலியான வேலை மூட்டைக்கு வந்தது. ஏற்றுக்கொண்டால் வளாகத்துக்குள் வீடு, படிப்பும் தொடரும். மாட்டேன் என்றால் ஆள்மாறாட்டத்துக்கு உரிய தண்டனை, அதாவது இன்றைக்கே வெளியேற்றம். அவன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"வேலை குடுக்கறாங்கப்பா. கதவை உதைக்கணும்."

"உக்காந்து யோசிக்கிறதுன்னு போன, நின்னு உதைக்கிறதுன்னு வந்துருச்சா. முதுகு வலிக்குமா?"

"முதுகுக்கு ஒண்ணுமில்ல. கால்தான்."

"கால் ரெண்டு இருக்குல்ல? சேந்துக்க."

சேர்ந்தான். ஒடிந்த கை கூடியதும் பூட்ஸ் கொடுத்தார்கள். உதைமாமாவுடையது, உள்ளே இன்னும் கறை இருந்தது. முதல் கதவு எது என்று கேட்டபோது இயக்குநர் சிரித்தார். "உன் பழைய வீட்டுக் கதவுதான். மறுபரிசோதனையில நீ எழுதினது செல்லாதே. முறைப்படி அதுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி."

அந்தக் கதவில் இப்போது தாழ்ப்பாளே இல்லை. சும்மா சாத்தியிருந்தது, ஓரத்தில் விரல் நுழைகிற இடுக்கோடு. ஆணி அடிக்கக் கூடாது என்ற உத்தரவைக் கண்ணாடி மீறவில்லை. பூனை உரசினால்கூடத் திறக்கும். உள்ளே அவன் தேர்வுக்குப் படிக்கிற முணுமுணுப்பு கேட்டது. உடைந்த மூக்கில் புகுந்து வருவதால் வாய்பாடுகூட அழுகை மாதிரி இருந்தது. உதைத்தால் கதவு பறக்கும். வீட்டைக் கண்ணாடி இழப்பான், மதியத்துக்குள் மாணவனாகவும் இருக்க மாட்டான். உதைக்காவிட்டால் மூட்டை மாணவனாக இருக்க மாட்டான். ஊரில் ஆணியில் கொக்கி தொங்கியது.

காவலர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். இயக்குநர் இடுக்கில் நான்கு விரல்களையும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், ஆரம்பி."

மூட்டை காலைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். பிறகு கிடங்கே அதிர்கிற குரலில் சொன்னான்.

"கண்ணாடி, தாங்குடா."

உள்ளே முணுமுணுப்பு நின்றது. நாற்காலி விழுந்தது. ஓடி வருகிற காலடி. அடுத்த கணம் ஊதினால் பறக்கிற அந்த உடம்பு முழுவதும் கதவில் வந்து விழுந்தது. இடுக்கு மூடிக்கொண்டது. இயக்குநரின் விரல்கள் உள்ளே இருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, கடலை உடைகிற மாதிரி கேட்டது.

இயக்குநர் இந்த முறை எந்தச் சொல்லையும் மெல்லவில்லை. "உதைடா. கதவை உதைடா, கை போகுது."

மூட்டை காலைக் கீழே வைத்துவிட்டான்.

காவலர்கள் கதவைப் பார்த்தார்கள். அதைத் தொடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பரிசோதகரைப் பார்த்தார்கள். ஆளைத் தொடும் அதிகாரம் இருந்தது. அடித்தார்கள். கூடிய கை மறுபடி அதே இடத்தில் ஒடிந்தது. முழங்காலில் விழுந்தான். கம்பு முதுகுக்கு மாறியது. அப்பா கேட்ட முதுகு. நிலைச்சட்டத்தில் வழிந்த ரத்தம் இயக்குநருடையதா தன்னுடையதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"விடு, விடு, விட்ருடா பாவி," என்று கதவைப் பார்த்துக் கதறினார் இயக்குநர்.

உள்ளேயிருந்து மூச்சு வாங்கும் மூக்குக்குரல் வந்தது. "மூட்டை, அவரு விடுங்கறாரு. விடவா? நீ சொன்னாத்தான் விடுவேன்."

இயக்குநர் மூட்டையின் பக்கம் திரும்பினார். முகத்தில் வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஓடின. "சொல்லு தம்பி. விடுன்னு ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு என்ன வேணும்? வீடா? பட்டமா? சொல்லுடா."

மூட்டையின் வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. துப்பினான். ஒரு பல்லும் கூடவே போயிற்று. பிறகு கதவின் ஓரத்தை, இவ்வளவு நேரமும் கேட்கப்படாமல் இருந்த ஒரு கேள்விக்கு விடை தேடுகிறவன் மாதிரி, நிதானமாகப் பார்த்தான். மேலதிகாரியிடம் பரிசோதகர் பேச வேண்டிய மரியாதையோடு சொன்னான்.

"தாங்குதுங்க ஐயா."